டிவி இல்லாத அறைக்கு மாதம் 18.36 யூரோ: ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வரும் கடிதம் என்ன கேட்கிறது?

ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து போன பிள்ளைகள் அறை பிடித்து, நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, வங்கிக் கணக்கைத் திறந்து, அப்பாடா என்று உட்காரும் சமயத்தில் தபால் பெட்டியில் ஒரு கடிதம் கிடக்கும். முழுக்க ஜெர்மன் மொழி. கொலோன் நகரத்து முகவரி. உள்ளே ஒரு படிவம். பிள்ளை அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பும்: "அப்பச்சி, டிவி, ரேடியோவுக்குன்னு மாசம் 18.36 யூரோ கேக்குறாங்க. எங்கிட்ட டிவியே இல்லையே?"

இங்கிருந்து போகும் பதில்கள் பெரும்பாலும் மூன்று வகை. "ஏமாத்துக்காரனா இருப்பான், கட்டாதே." "டிவி இல்லைன்னு எழுதிப் போடு." "கூட இருக்கிற பையன்கிட்ட கேளு, அவன் என்ன செய்யுறானோ அதையே நீயும் செய்." மூன்றுமே தப்பு. இந்த மூன்றாலும் பிள்ளைகள் நூற்றுக்கணக்கான யூரோ பாக்கி வைத்துக்கொண்டு, படிப்பு முடியும் நேரத்தில் அல்லாடுகிறார்கள். கடிதம் உண்மையானது. பொது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பணம் வசூலிக்கும் அலுவலகம் அனுப்புவது. டிவி இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதே இல்லை. பக்கத்து அறைப் பையனின் நிலையும் உங்கள் பிள்ளையின் நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

அவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்பது பிடிபட்டால் இந்தக் கட்டணத்தில் குழப்பம் வராது. அவர்கள் எண்ணுவது வீட்டை. டிவிப் பெட்டியையும் எண்ணுவதில்லை, ஆளையும் எண்ணுவதில்லை.

பெயரும் பொருளும்

கடிதத்தில் இருக்கும் சொல் ருண்ட்ஃபுங்க்பைட்ராக். ருண்ட்ஃபுங்க் என்றால் வானொலியும் தொலைக்காட்சியும் சேர்ந்த ஒலி, ஒளிபரப்பு. பைட்ராக் என்றால் பங்களிப்பு. மாணவர்கள் பேச்சில் வெறும் பைட்ராக் என்பார்கள். பழைய ஆட்கள் இன்னும் கே-ஏ-ட்செட் என்று சொல்வார்கள். அது 2012 வரை வசூல் செய்த அலுவலகத்தின் சுருக்கப் பெயர். இப்போது வசூல் செய்வது கொலோனில் இருக்கும் பைட்ராக்ஸ்சர்வீஸ். ஏஆர்டி, இசட்டிஎஃப், டாய்ச்லாண்ட்ராடியோ ஆகிய மூன்று பொது ஒலிபரப்பு அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் வசூல் அலுவலகம் அது.

"பங்களிப்பு" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் தனிப் பொருள் உண்டு. நாம் எல்லாவற்றையும் "கட்டணம்" என்று சொல்லிவிடுகிறோம். ஜெர்மன் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது:

1. சேவைக் கட்டணம். ஒரு சேவையைப் பெற்றுக்கொண்டதற்காகக் கொடுப்பது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது கட்டுவது போல.

2. வரி. எதற்கு என்று குறிப்பிடாமல் அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போவது.

3. பங்களிப்பு. ஒரு பொது வசதியைப் பயன்படுத்தும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது என்பதற்காகவே கொடுப்பது. பயன்படுத்தினீர்களா இல்லையா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது வகை நமக்குப் புதிதில்லை. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும் ஊர்களில், "நான் இந்த வருஷம் தேர் பார்க்க வரவில்லை" என்று சொல்லி யாரும் வரியிலிருந்து தப்ப முடியாது. நகரத்தார் ஊர்களில் இது இன்னும் துல்லியம். திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. ஊர்க்கோயிலுக்குப் புள்ளி வரி. சென்னையில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான். கோயில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அதை நடத்தும் செலவு எல்லோருக்கும் பொது. பைட்ராக்கின் கருத்தும் இதுவே. கணக்கெடுக்கும் அலகு மட்டும் வேறு. நகரத்தார் புள்ளியை எண்ணுகிறார்கள். ஜெர்மனியில் வீட்டை எண்ணுகிறார்கள்.

பெட்டியை எண்ணியதிலிருந்து வீட்டை எண்ணியதற்கு

முன்பு ஜெர்மனியும் பெட்டியைத்தான் எண்ணியது. டிவி வைத்திருந்தால் மாதம் 17.98 யூரோ, ரேடியோ மட்டும் என்றால் 5.76 யூரோ. இணைய வசதியுள்ள கணினியும் 2007 முதல் கணக்கில் சேர்ந்தது. யார் வீட்டில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆட்கள் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. சட்டைப்பையில் இருக்கும் கைபேசியே டிவியாகிவிட்ட காலத்தில் அந்தக் கணக்கு ஓடவில்லை. அதனால் 2013 ஜனவரி 1 முதல் பெட்டியை விட்டுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். டிவி இல்லை என்று எழுதிப் போடுவதால் பயன் இல்லாமல் போனது அன்றிலிருந்துதான்.

பெட்டிக்கு லைசென்ஸ் என்பது நம் ஊரிலும் இருந்ததுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலத்து வால்வு ரேடியோக்கள் தெரிந்திருக்கும். அப்படி ஒரு ரேடியோவை வீட்டில் வைத்துக்கொள்ள தபால் அலுவலகத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். கையடக்கப் புத்தகம் ஒன்று தருவார்கள். ஒவ்வொரு ஆண்டும் அதை எடுத்துப்போய்ப் பணம் கட்டினால், அந்த ஆண்டுக்கான வில்லையை ஒட்டி, மேலே தபால் முத்திரையைக் குத்தித் தருவார்கள். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு அது. 1980களின் நடுவில் ரேடியோ, டிவி லைசென்ஸ் முறையையே இந்தியா கைவிட்டுவிட்டது. இப்போது பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோரில் பலருக்கு அந்தப் புத்தகம் நினைவில் இல்லை. இருப்பவர்களுக்கோ பெட்டி இருந்தால்தான் லைசென்ஸ் என்பதே மனதில் பதிந்திருக்கிறது. ஜெர்மன் கடிதத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அரசு ஏன் தன் கையிலிருந்து கொடுக்கவில்லை?

நியாயமான கேள்வி. நம் பிரசார் பாரதிக்கு மத்திய அரசின் பட்ஜெட்டிலிருந்து பணம் போகிறதே, அங்கே ஏன் வீடு வீடாக வசூலிக்க வேண்டும்?

நாஜி ஆட்சியில் வானொலி முழுக்க அரசின் பிரச்சாரக் கருவியாக இருந்தது. போருக்குப் பிறகு, ஒலிபரப்பு அரசின் கைக்குள் போகக் கூடாது என்ற அடிப்படையில் எல்லாம் புதிதாகக் கட்டப்பட்டது. பொறுப்பு மாநிலங்களுக்குப் போனது. மத்திய அரசு தன் பிடியில் ஒரு தொலைக்காட்சி தொடங்கப் பார்த்தபோது, 1961இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. பணம் கொடுக்கும் கை செய்தியையும் வளைக்கும் என்பதால், எவ்வளவு பணம் தேவை என்பதை 16 பேர் கொண்ட தனி ஆணையம் கணக்கிடுகிறது. பிறகு 16 மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஏற்பாடு உரசல் இல்லாமல் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. 17.50 யூரோவை 18.36 ஆக்கும்போது ஒரே ஒரு மாநிலம் மறுத்து, விஷயம் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போய், 2021 ஆகஸ்டில் நீதிமன்றத் தீர்ப்பால்தான் உயர்வு அமலுக்கு வந்தது. 2025 ஜனவரி முதல் 18.94 ஆக்கலாம் என்று ஆணையம் சொன்னது. மாநிலங்கள் அதை நிறைவேற்றவில்லை. ஏஆர்டியும் இசட்டிஎஃபும் 2024 நவம்பரில் மறுபடி அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆண்டுக்கு 800 கோடி யூரோவுக்கு மேல் புரளும் ஏற்பாடு என்பதால், அங்கே இது எப்போதும் சூடான அரசியல் பேச்சு. பிள்ளைகள் வகுப்பில் "இதைக் கட்டவே கூடாது" என்று பேசும் ஜெர்மன் மாணவர்களைப் பார்ப்பார்கள். அந்த விவாதம் வேறு, கையில் இருக்கும் கடிதம் வேறு. அடிப்படை ஏற்பாடு சரிதான் என்று 2018 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றமே சொல்லிவிட்டது.

எது ஒரு வீடு?

பணம் மிச்சமாவதும் வீணாவதும் இந்தக் கேள்வியில்தான். விதி ஒரே வரி: ஒரு வீட்டுக்கு ஒரு பைட்ராக். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும், எத்தனை டிவி இருந்தாலும் அதே தொகை. சரி, எதை வீடு என்கிறார்கள்? நாலு பக்கமும் அடைத்து, வசிக்கவோ தூங்கவோ ஏற்றதாக இருக்க வேண்டும். படிக்கட்டிலிருந்தோ பொது நடையிலிருந்தோ வெளியிலிருந்தோ நேரே நுழைய அதற்கென்று வாசல் இருக்க வேண்டும். இன்னொரு வீட்டுக்குள் புகுந்துதான் போக முடியும் என்றால் அது தனி வீடு ஆகாது.

நம் செட்டிநாட்டு வீட்டை வைத்துப் பாருங்கள். முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வளவு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், அண்ணன் தம்பிகளுக்கு ஆளுக்கு ஒன்று. கல்யாணமாகி வேறு வைத்ததும் தனித்தனிச் சமையல். கோயில் கணக்கில் அந்த வீட்டில் ஐந்து புள்ளி இருக்கலாம், ஐந்து வரி. அதே வீட்டை ஜெர்மன் விதிப்படி பார்த்தால், எல்லோரும் ஒரே முகப்பு வழியாக நுழைகிறார்கள், ஒவ்வொரு அறைக்கும் போவது வளவு வழியாகத்தான். ஆகவே ஒரு வீடு, ஒரு பைட்ராக்.

இனி பிள்ளைகள் தங்கும் இடங்களுக்கு வருவோம்.

1. பகிர்ந்து தங்கும் வீடு. ஜெர்மனில் வேகே என்பார்கள். ஒரு கதவு, உள்ளே நாலு அறை, பொதுச் சமையலறை. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பைட்ராக். பிரித்தால் தலைக்கு 4.59 யூரோ. மூன்று பேர் என்றால் 6.12.

2. மாணவர் விடுதி, பொது நடையிலிருந்து திறக்கும் அறை. நடையின் இரண்டு பக்கமும் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னால் ஒரு மாணவர். சமையலறை நடையின் கோடியில் பொதுவாக இருந்தாலும், ஒவ்வொரு அறையும் தனி வீடு. ஆளுக்கு முழு 18.36.

3. மாணவர் விடுதி, பூட்டிய கதவுக்குள் அறைகள். அதே விடுதிக் கட்டடத்தில் சில தளங்கள் இப்படி இருக்கும். படிக்கட்டிலிருந்து ஒரு பூட்டிய கதவு, அதற்குள் மூன்று அறை, ஒரு சமையலறை. இது வேகே மாதிரிதான். மூவருக்கும் சேர்த்து ஒன்று.

ஒரே விடுதியில் இருக்கும் இரண்டு காரைக்குடிப் பிள்ளைகளில் ஒருவர் 18.36 கட்டுவதும், மற்றவர் 6.12 கட்டுவதும் இப்படித்தான் நடக்கிறது. அறை தேடும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்புக்கு முழுத் தொகை 440.64 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று குத்துமதிப்பாக வைத்தாலும் 44 ஆயிரம் ரூபாய்.

எல்லாச் செலவும் சேர்ந்த வாடகை என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தாலும், அதில் தண்ணீர், வெப்பம், சில இடங்களில் மின்சாரம், இணையம் இருக்கும். பைட்ராக் அடங்கியிருக்கிறது என்று தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வேகேயில் கடிதம் நாலு பேருக்கும் வருவது ஏன்?

ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு அன்மெல்டுங் என்று பெயர். அந்த அலுவலகம் புதிதாகப் பதிந்தவரின் பெயரையும் முகவரியையும் பைட்ராக்ஸ்சர்வீஸுக்கு அனுப்பும். யார் யாரோடு ஒரே கதவுக்குள் இருக்கிறார்கள் என்பது அந்தத் தகவலில் இருக்காது. அதனால் நாலு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் போகிறது. இரண்டு முறை கட்டச் சொல்கிறார்கள் என்று பதற வேண்டியதில்லை. பேசாமல் இருந்துவிடவும் கூடாது.

செய்ய வேண்டியது எளிது. ஒருவர் தன் பெயரில் பதிந்து கட்டத் தொடங்குவார். அவருக்கு ஒன்பது இலக்கத்தில் ஒரு பைட்ராக் எண் கிடைக்கும். மற்ற மூவரும் படிவத்தில் "இந்த வீட்டுக்கு ஏற்கனவே கட்டப்படுகிறது" என்ற இடத்தைத் தேர்ந்து, அவர் பெயரையும் எண்ணையும் எழுதி அனுப்பினால் போதும். பதில் எழுதாதவர் பெயரை அலுவலகமே பதிவு செய்து பில் அனுப்பும். அப்போது ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் கட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படிக் கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் கேட்டால்தான் வரும்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் எல்லோரும் அந்தத் தொகை முழுவதற்கும் பொறுப்பு. நாலில் ஒருவர் பெயரில் பதிவு இருந்து, அவர் கட்டாமல் விட்டால், மற்றவர்களிடமும் முழுப் பாக்கியைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. "என் பங்கு 4.59 யூரோவை அவனிடம் கொடுத்துவிட்டேன்" என்பது நண்பர்களுக்குள் உள்ள கணக்கு, அலுவலகத்துக்கு அது செல்லாது.

இன்னொன்று: அந்த எண் ஆளைச் சேர்ந்தது, வீட்டைச் சேர்ந்தது கிடையாது. கட்டி வந்தவர் படிப்பை முடித்துக் கிளம்பினால் எண்ணும் அவரோடு போய்விடும். மிச்சமிருக்கும் மூவரில் ஒருவர் அந்த மாதமே தன் பெயரில் பதிய வேண்டும். வேகேக்களில் பாக்கி சேர்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பழைய பையன் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவனோ ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் ஆகியிருக்கும்.

விலக்கு யாருக்கு?

மாணவர் என்பதற்காக விலக்கு இல்லை. ஜெர்மன் மாணவர்கள் பலர் விலக்குப் பெறுவதைப் பார்த்து நம் பிள்ளைகளும் விண்ணப்பித்து ஏமாறுகிறார்கள். அவர்களுக்கு விலக்குக் கிடைப்பது, பாஃபெக் என்ற அரசு உதவித்தொகையை வாங்குவதால். படிப்பு விசாவில் போன நம் மாணவர்களுக்குப் பொதுவாக அந்த உதவித்தொகை கிடையாது. அதைக் காட்டிப் பெறும் விலக்கும் கிடையாது.

கடினச் சூழல் என்று ஒரு தனி வழி உண்டு. 2019 அக்டோபரில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் ஒரு மாணவரின் வழக்கில், அரசு உதவித்தொகை பெறாதவராக இருந்தாலும் உதவி பெறுபவர் அளவுக்கே வருமானம் குறைவாக இருந்தால் விலக்குத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வருமானம், வாடகை, சேமிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். சேமிப்பு இருந்தால் கிடைப்பது கடினம். விசாவுக்காக, மாதாமாதம் ஒரு அளவுக்கு மட்டுமே எடுக்கக்கூடிய பிளாக்டு அக்கவுண்ட்டில் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ வைத்திருக்கிறேன் என்று காட்டிவிட்டுப் போன பிள்ளை, அதே நாட்டில் 18.36 கட்ட வழியில்லை என்று நிரூபிப்பது சுலபமில்லை. உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவர் பல்கலைக்கழகத்தின் சமூக ஆலோசனைப் பிரிவில் கேட்டு விண்ணப்பிக்கலாம். முடிவு வரும்வரை கட்டிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு.

மருத்துவருக்கும் மாணவருக்கும் ஒரே 18.36 என்பது எனக்கு உறுத்துகிறது. கோயில் வரியில்கூட, முடியாதவர் வீட்டைப் பார்த்து ஊர் விட்டுக்கொடுக்கும். இங்கே மாதம் 992 யூரோவில் வாழும் பிள்ளைக்கு, அதில் கிட்டத்தட்ட ஐம்பதில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

நம் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன்படும் விலக்கு ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆஹனில் படிக்கும் மாணவர் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு மியூனிக் போகிறார். ஆஹன் அறையையும் விடவில்லை, மியூனிக்கிலும் ஒரு அறையைப் பதிகிறார். ஒரே ஆளிடம் இரண்டு வீட்டுக்கு வாங்குவது தவறு என்று 2018ஆம் ஆண்டு தீர்ப்பு சொன்னது. பிரதான வீட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தால் இரண்டாவது வீட்டுக்கு விலக்கு உண்டு. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு முகவரியின் பதிவுச் சான்றும் இணைக்க வேண்டும்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டால்

என்ன நடக்கும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. நினைவூட்டுக் கடிதங்கள் வரும். பதில் இல்லாவிட்டால் அவர்களாகவே பதிவு செய்வார்கள். கடிதம் வந்த தேதியிலிருந்து என்று நினைக்க வேண்டாம், வீட்டில் குடியேறிய மாதத்திலிருந்து கணக்கு ஓடும். அக்டோபரில் குடியேறி மார்ச் வரை கவனிக்காமல் இருந்தால் 110.16 யூரோ.

2. பிறகு பாக்கியை உறுதிசெய்யும் அதிகாரபூர்வ ஆணை வரும். ஃபெஸ்ட்செட்ஸுங்ஸ்பெஷைட் என்று தலைப்பில் இருக்கும். இந்த ஒரு சொல்லை மட்டும் பிள்ளைகள் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தாமதக் கூடுதலாகப் பாக்கியில் 1 சதவீதம், குறைந்தது 8 யூரோ சேரும். எதிர்ப்பு இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் ஆணை உறுதியாகிவிடும்.

3. அப்புறம் எச்சரிக்கை. அதற்கும் கட்டாவிட்டால் வசூல் வேலை உள்ளூர் நகராட்சிக் கருவூலத்துக்கோ நீதிமன்ற அமீனாவுக்கோ போகும். இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வங்கிக் கணக்கை முடக்கலாம். மாதச் செலவு முழுவதும் ஒரே கணக்கில் வரும் மாணவருக்கு இதைவிடப் பெரிய இடி இல்லை. வாடகை திரும்பிவிடும், காப்பீட்டுத் தவணை திரும்பிவிடும்.

4. சொத்து விவரம் கேட்டும் தராவிட்டால் கடனாளிகள் பதிவேட்டில் பெயர் ஏறலாம். கடன் தகுதி பார்க்கும் நிறுவனங்கள் அந்தப் பதிவேட்டைப் பார்ப்பதால், அடுத்த வீட்டை வாடகைக்குப் பிடிப்பது கஷ்டமாகிவிடும்.

பணம் கட்டுவதற்கு இங்கிருந்து வங்கி மூலம் அனுப்பிக் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளையின் ஜெர்மன் கணக்கிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை 55.08 யூரோ தானாகப் போகும்படி வைத்துவிட்டால் போதும். படிவங்களைக் காசு வாங்கிக்கொண்டு நிரப்பித் தரும் தனியார் இணையதளங்கள் உண்டு. பார்க்க அதிகாரபூர்வத் தளம் போலவே இருக்கும். பைட்ராக்ஸ்சர்வீஸின் சொந்தத் தளத்தில் எல்லாப் படிவமும் இலவசம், ஆங்கிலத்தில் விளக்கமும் இருக்கிறது.

பக்கத்து நாடுகளில்

ஜெர்மனி விதியை எடுத்துக்கொண்டு போய் லண்டனில் பொருத்தினால் வீண் செலவு. பிரிட்டன் பார்ப்பதை எண்ணுகிறது. 2025 ஏப்ரலில் டிவி லைசென்ஸ் ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. எந்தச் சேனலையும் நேரலையில் பார்த்தாலோ, பிபிசியின் ஐபிளேயரைப் பயன்படுத்தினாலோ லைசென்ஸ் வேண்டும். லேப்டாப்பில் பார்த்தாலும் அப்படித்தான். நேரலை அல்லாத யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் படங்கள் மட்டும் என்றால் தேவையில்லை, அதைத் தெரிவித்துவிடலாம். லைசென்ஸ் இல்லாமல் பார்த்துப் பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். அங்கே விடுதி அறையில் இருந்து டிவி பார்ப்பவருக்குத் தனி லைசென்ஸ், எல்லோரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் எடுத்த வீட்டுக்கு ஒன்று.

ஆஸ்திரியா 2024 முதல் ஜெர்மனி வழிக்கு வந்துவிட்டது: பிரதான முகவரி ஒவ்வொன்றுக்கும் மாதம் 15.30 யூரோ, சில மாநிலங்களில் அதற்கு மேல் ஒரு சிறு தொகை. சுவிட்சர்லாந்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 335 பிராங்க் என்று 2021இல் வைத்தார்கள். மாணவர் விடுதியைக் கூட்டுக் குடித்தனமாகக் கருதி அங்கே விடுதி நடத்துபவரிடமே வாங்கிக்கொள்கிறார்கள், மாணவருக்குத் தனிக் கடிதம் வராது. ஜெர்மனியும் இந்த ஒரு விஷயத்தையாவது எடுத்துக்கொண்டிருக்கலாம். பிரான்ஸ் 2022இல் இந்தக் கட்டணத்தையே நீக்கிவிட்டது.

ஊர் திரும்பும்போது

நாட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளைகள் நகர அலுவலகத்தில் முகவரியை நீக்குவார்கள். அதற்கு அப்மெல்டுங் என்று பெயர். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து விமானம் ஏறிவிடுகிறார்கள். பைட்ராக்ஸ்சர்வீஸிலும் தனியாக நீக்க வேண்டும். வீட்டைக் காலி செய்த மாதத்தோடு பைட்ராக் நிற்கும், ஆனால் நீங்கள் தெரிவித்த மாதத்துக்கு முன்னால் நிற்காது. மார்ச்சில் காலி செய்துவிட்டு ஜூலையில் தெரிவித்தால் ஜூலை வரை கணக்கு ஓடும். நாலு மாதம், 73.44 யூரோ, இல்லாத வீட்டுக்கு.

ஆகவே நகர அலுவலகம் தரும் முகவரி நீக்கச் சான்றை அன்றைக்கே ஸ்கேன் செய்து, பைட்ராக் எண்ணோடு நீக்கப் படிவத்தை அனுப்பிவிட வேண்டும். அதில் இனி இருக்கப்போகும் முகவரியைக் கேட்கும் இடத்தில், நண்பர் வீட்டு முகவரியை எழுதாமல் நம் ஊர் முகவரியைப் பின்கோடு வரை முழுதாக எழுதட்டும். உறுதிக் கடிதம் அங்கேதான் வரும். அது வரும்வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருந்தால், முன்கூட்டிப் பிடித்த மூன்று மாதத் தவணையில் மிச்சம் இருப்பது அந்தக் கணக்குக்கே திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு கணக்கை மூடிக்கொள்ளலாம்.